தடுப்பூசியும் தவறும் நாட்களும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் உழவர்களின் வாக்கு. விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. மண் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. விதைக்கின்ற நாளும் பொருந்தி வரவேண்டும் என்று கண்டறிந்தவர்கள் நம் முன்னோர். பட்டம் தவறிய நிலக்கடலைக் காட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்ற தந்தையின் முகத்தை நம்மில் பலர் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். பயிருக்குப் பட்டம் பார்க்கின்ற நாம், பச்சிளங் குழந்தைக்குப் பட்டம் பார்க்கின்றோமா? தடுப்பூசிக்கும் ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டம் தவறிப் போனாலும் வயலைத் தரிசாகப் போட்டுவிடலாகாது. இவ்விரண்டையும் நம் கல்லூரி மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இதை எழுதத் தூண்டியது புத்தகம் அன்று. என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

காதணி விழாவும் கண்டெடுத்த அட்டையும்

சென்ற தை மாதம் என் அக்காள் மகனுக்குக் காது குத்தினோம். குழந்தைக்கு ஒன்பதாம் மாதம். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வேன் பேசினார்கள். கடன் வாங்கிக் கிடா வெட்டினார்கள். தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதான். ஒருவரும் பதறவில்லை. "அழுவட்டும், நல்லதுக்குத்தானே!" என்று சிரித்தார்கள் பெரியவர்கள்.

அன்று மாலை, குழந்தைக்கு மாற்றுத் துணி எடுப்பதற்காக அக்காளின் பையைத் துழாவினேன். கையில் அகப்பட்டது தடுப்பூசி அட்டை. பிரித்துப் பார்த்தேன். பிறந்த அன்று போட்டவை குறிக்கப்பட்டிருந்தன. ஆறாம் வாரத்துக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுக் கட்டங்கள்! பத்தாம் வாரம் இல்லை. பதினான்காம் வாரம் இல்லை.

"ஏன்க்கா, மிச்ச ஊசியெல்லாம் போடலியா?" என்று கேட்டேன்.

"மொத ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி பூரா காய்ச்சல்டா தம்பி. எங்க அத்தை இனிமே வேணாம்னுட்டாங்க. அப்புறம் நாளைக்குப் போலாம், அடுத்த வாரம் போலாம்னு ஓடிப்போச்சு. இப்பப் போனா திட்டுவாங்க. திரும்ப மொதல்லேருந்து அத்தனை ஊசியும் போடணும்னு வேற சொல்றாங்க."

நண்பர்களே, அந்தப் பதில் என்னைச் சுட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் அட்டையில் பிழையா, வங்கிக் கடிதமா, மின் கட்டணமா, எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நோய்த்தடுப்பியல் பாடத்தை அதற்கு முந்திய பருவத்தில்தான் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். இம்முனோகுளோபுலினின் 'ஒய்' வடிவப் படத்தை அழகாக வரைந்த இந்தக் கைகள், என் மடியில் விளையாடிய குழந்தையின் அட்டையை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அக்காள் மறந்தது குற்றமென்றால், நான் பாராதிருந்தது அதனினும் பெரிய குற்றம் அன்றோ?

நாள் குறித்தது யார்?

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு அது அனைவருக்கும் தடுப்பூசித் திட்டமாக வளர்ந்தது. இன்று அத்திட்டத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., மஞ்சள் காமாலை 'பி' வகைக்கான ஊசி, இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து ஆகியவை கொடுக்கப்படுகின்றன. பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்துவகை நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியும், போலியோ, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகளும் உண்டு. நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசி 6, 14ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் போடப்படுகிறது. ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் 16 முதல் 24 மாதத்திற்குள். மீண்டும் ஒரு முத்தடுப்பு ஊக்க ஊசி 5 முதல் 6 வயதில். பின்னர் 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. எனப்படும் ரணஜன்னி-தொண்டை அடைப்பான் ஊசி.

இந்த நாட்களை ஏதோ அலுவலகத்தில் அமர்ந்து வசதிக்காகக் குறித்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கின்றது.

மஞ்சள் காமாலை 'பி' ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடச் சொல்கின்றார்கள். ஏன் இத்தனை அவசரம்? பேறுகாலத்தில் தாயிடமிருந்து இக்கிருமி தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நாட்பட்ட நோயாக உடலில் தங்கிவிடும். வளர்ந்தவருக்குத் தொற்றினாலோ நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். கிருமி ஒன்றே, வயது மாறும்போது விளைவு மாறுகின்றது. எனவே இங்கே மணிக்கணக்குக்கே மதிப்பு உண்டு.

தட்டம்மைக்கோ கதை நேர்மாறானது. கருவிலிருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்தை அடைகின்றன. பிறந்து சில மாதங்கள் வரை அவை காவல் காக்கும். அந்தக் காவல் இருக்கும்போதே உயிருள்ள தட்டம்மைத் தடுப்பு மருந்தைச் செலுத்தினால், காவலர்கள் அதையும் பகையென்றெண்ணி அழித்துவிடுவார்கள். குழந்தையின் உடல் பாடம் கற்காமலே போய்விடும். மிகவும் தாமதித்தாலோ, தாயின் காவல் நீங்கிய வெற்றுவெளியில் நோய் நுழைந்துவிடும். தட்டம்மை கண்ட ஒருவர், தடுப்பாற்றல் இல்லாதார் நடுவில் 12 முதல் 18 பேர் வரை பரப்பக்கூடும். ஆகவேதான் நோய்ப்பரவல் மிகுந்த நம் நாட்டில் ஒன்பதாம் மாதம் என்று வரையறுத்தார்கள். அந்த வயதில் போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்குத் தடுப்பாற்றல் உண்டாகும். மற்றவர்களுக்கு? அவர்களுக்காகத்தான் இரண்டாம் தவணை. "ஒருமுறை போட்டாயிற்றே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்போருக்கு இதுவே விடை. யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாதே!

இனி, தவணைகளுக்கிடையே நான்கு வாரம் எதற்கு? முதல் ஊசி போட்டவுடன் உடலின் பி-செல்கள் பகைவனை முதன்முறையாகப் பார்க்கின்றன. முதலில் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள் தோன்றும், பிறகு ஐ.ஜி.ஜி. வகை தோன்றும். நிணநீர்க் கணுக்களில் வாரக்கணக்கில் ஒரு தேர்வு நடைபெறுகின்றது. நன்கு பொருந்துகின்ற செல்கள் நிலைக்கின்றன. சில நினைவுச் செல்களாகத் தங்குகின்றன. இந்தத் தேர்வு முடியுமுன்னரே அடுத்த ஊசியைப் போடுவது, நெல் முளைக்குமுன் மீண்டும் உழுவதை ஒக்கும். நான்கு வாரம் கழித்துப் போடும்போதோ, காத்திருந்த நினைவுச் செல்கள் முன்னிலும் விரைவாக, முன்னிலும் மிகுதியாக எழுகின்றன.

பெரிய தவறான எண்ணம்

இங்கேதான் நம் மக்களிடையே வேரூன்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கின்றது. தவணைகளுக்கிடையே குறைந்த அளவு இடைவெளி உண்டு. ஆனால் மிகுதியான இடைவெளி என்று ஒன்று இல்லை. நான்கு வாரத்துக்கு முன் போடக்கூடாது. நாற்பது வாரம் கழிந்தாலும் முன்னர்ப் போட்டது வீணாகாது. நினைவுச் செல்கள் அத்தனை எளிதில் மறப்பவை அல்ல. எனவே விட்ட இடத்திலிருந்து தொடரலாமேயன்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அப்படியானால் மெதுவாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஊசி காத்திருக்கும், நோய் காத்திருக்காது! தவணை முடியாத ஒவ்வொரு வாரமும் குழந்தை அரைக் கவசத்தோடு போர்க்களத்தில் நிற்கின்றது. மேலும் சில கதவுகள் குறித்த வயதில் மூடிவிடும். நம் திட்டத்தில் பி.சி.ஜி. ஊசியும், ரோட்டா சொட்டு மருந்தும், பென்டாவேலன்ட் முதல் தவணையும் ஒரு வயதுக்குள் கிடைக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லாவுக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் ஐந்து வயது வரையிலும், முத்தடுப்புக்கு ஏழு வயது வரையிலும் இடம் உண்டு.

ஜப்பான் கற்ற பாடம்

"சின்னஞ்சிறு உடம்புக்கு இத்தனை ஊசியா? கொஞ்சம் பெரியவனாகட்டுமே!" என்ற பாட்டிமார் கவலையை நான் எள்ளி நகையாடமாட்டேன். அது அன்பினால் பிறந்த கவலை. ஆனால் அந்தக் கவலைக்கு இணங்கி ஒரு நாடே நடந்து பார்த்திருக்கின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1974ஆம் ஆண்டு ஜப்பானில் கக்குவான் இருமல் கண்டவர்கள் சுமார் நானூறு பேரே. அந்நோயால் இறந்தவர் இல்லை. அந்நாளில் தடுப்பூசிக்குப்பின் இரண்டு குழந்தைகள் இறந்ததையொட்டி, 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு அந்த ஊசியை நிறுத்தியது. சில வாரங்கள் கழித்து மீண்டும் தொடங்கியபோது, இரண்டு வயதுக்கு மேல்தான் போடுவது என்று வயதைத் தள்ளி வைத்தது. மக்களும் அஞ்சி விலகினார்கள். விளைவு என்ன? 1979ஆம் ஆண்டில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் இருமல். 41 பேர் மாண்டனர். கக்குவான் இருமல் கொல்வது பெரும்பாலும் கைக்குழந்தைகளைத்தான். இரண்டு வயது வரை காத்திருப்பது, திருடன் வந்துபோன பிறகு கதவைத் தாழிடுவதை ஒக்கும். பின்னர் 1981இல் புதிய வகை ஊசியைக் கொண்டுவந்து ஜப்பான் மீண்டது.

இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டு ஊசியைப் பற்றி ஐயத்தைக் கிளப்பினார். மூன்றையும் பிரித்து, இடைவெளி விட்டுப் போடலாம் என்றார். அவருடைய ஆய்வுக் கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. ஆனால் அச்சம் திரும்பப் பெறப்படவில்லை. ஊசி போடாமல் வளர்ந்த தலைமுறையினிடையே, 2012-13இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தட்டம்மை தாக்கியது.

தொலைவில் உள்ள நாடுகளை விடுங்கள். 2017 பிப்ரவரியில் நம் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, கைபேசிகளில் பரவிய வதந்தியால் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள்! நம்மில் பலர் அப்போது பள்ளிச் சிறுவர்கள். நமக்கே அது நினைவிருக்கும்.

ஊசிக்குப்பின் காய்ச்சல் வருவதில்லையா என்றால், வரும். ஐந்துவகை ஊசியிலுள்ள கக்குவான் பகுதி காய்ச்சலையும் வலியையும் உண்டாக்குவது இயல்பு; ஓரிரு நாளில் தணிந்துவிடும். உடல் பாடம் கற்கின்றது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். முன்னர்ப் போட்ட ஊசியினால் கடும் ஒவ்வாமை நேர்ந்திருந்தால் அது வேறு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சளி, இலேசான காய்ச்சல் ஆகியவற்றுக்காக நாளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வாசல் வரை வந்தவர்கள்

என் அக்காளின் கதையை முடிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை நானும் அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடுமிடத்துக்குச் சென்றோம். அட்டையை வாங்கிப் பார்த்தவர், "ஏழு மாசம் எங்கம்மா போயிருந்தே? புள்ளை பெத்துக்கத் தெரியுது, ஊசி போடத் தெரியாதா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டார். அக்காள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அன்று அவள் அந்த வாசலைத் தாண்டியிருந்தால், மீண்டும் திரும்பியிருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

உள்ளேயிருந்து வயதான செவிலியர் ஒருவர் எழுந்து வந்தார். "வந்துட்டேல்ல, அது போதும். உக்காரு கண்ணு" என்றார். அட்டையைப் பார்த்து இரண்டாம் தவணையையும் தட்டம்மை-ரூபெல்லாவையும் அன்றே போட்டார். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பொறுமையாகச் சொன்னார். நான்கு வாரம் கழித்து வரவேண்டிய நாளை அட்டையில் எழுதி, வாயாலும் இருமுறை சொன்னார். அந்த நாளில் அக்காள் என்னைத் துணைக்கு அழைக்கவில்லை. தானே சென்று போட்டு வந்தாள்.

ஒரே அறை, ஒரே மருந்து, ஒரே குழந்தை. ஒரு சொல் விரட்டியது. ஒரு சொல் இருத்தியது. செவிலியர்களின் வேலைச் சுமையை நான் அறியாதவன் அல்லன். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் மருந்தைக் காத்து, வெயிலில் பெட்டியைச் சுமந்து, பேரேட்டில் எழுதி, ஊர் ஊராக அலைகின்றவர்கள் அவர்கள். போலியோவை நாட்டைவிட்டு விரட்டியவர்களும் அவர்களே; 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. அந்தப் பெருமைக்குரியவர்களிடம்தான் கேட்கின்றேன்: நாள் தவறி வந்த தாய் குற்றவாளி அல்லள், திரும்பி வந்த விருந்தாளி. அவளைக் கடிந்துகொண்டால் தண்டனை அடைவது குழந்தையல்லவா?

நாள் தவறுவதற்கு அறியாமை ஒன்றே காரணமும் அன்று. புதன்கிழமை ஊசிக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடிபெயர்கின்ற குடும்பங்களில் அட்டை ஓர் ஊரில், குழந்தை ஓர் ஊரில். 2024 அக்டோபரில் நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்ட யு-வின் பதிவின் மூலம் எந்த ஊரிலும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் நினைவூட்டும் குறுஞ்செய்தி கணவனின் கைபேசிக்கு வந்து, படிக்கப்படாமலே கிடந்தால் பயன் என்ன?

என் கருத்து

எனவே நான் வேண்டுவன மூன்று.

முதலாவது: தடுப்பூசி அட்டையின் மேற்புறத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சிடப்பட வேண்டும். 'நாள் தவறினாலும் வாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்' என்பதே அந்த வரி. ஒரு வரிதான், ஆனால் என் அக்காளுக்கு அது ஏழு மாதங்களை மீட்டுத் தந்திருக்கும்.

இரண்டாவது: கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்காக, மாதத்தில் ஒருநாளேனும் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஊசி போட ஏற்பாடு வேண்டும். ஒரே ஒரு குழந்தைதான் வந்திருக்கின்றது என்பதற்காக, பல குழந்தைகளுக்குரிய மருந்துப் புட்டியைத் திறக்கத் தயங்கி, 'அடுத்த வாரம் வா' என்று அனுப்பவும் கூடாது. திறந்த தட்டம்மை-ரூபெல்லா புட்டியை நான்கு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும் என்பது உண்மையே. ஆனால் மிச்ச மருந்து கொட்டிப்போவதைவிடப் பெரிய வீண், திரும்பிப் போன குழந்தை.

மூன்றாவது நமக்கே உரியது. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் செல்கின்றோம். கோயிலைச் சுற்றிப் புல் செதுக்குகின்றோம். பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கின்றோம். நல்லதுதான். அடுத்த முகாமில் ஒருநாளை இதற்கென ஒதுக்குவோம். வீடுவீடாகச் சென்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அட்டையை வாங்கிப் படிப்போம். வெற்றுக் கட்டங்களைக் குறித்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் பட்டியலாகத் தருவோம். தாய்மாரைத் திட்டாமல், பயமுறுத்தாமல், அவர்கள் மொழியிலேயே காரணத்தைச் சொல்வோம். நோய்த்தடுப்பியலை நடத்துகின்ற பேராசிரியப் பெருமக்களும், அப்பாடத்தில் ஒரு மணி நேரத்தை இந்த அட்டைக்கென ஒதுக்கினால், ஐ.ஜி.எம்.மும் ஐ.ஜி.ஜி.யும் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் தெருவுக்கு வந்து சேரும்.

பட்டம் பெற்று வருவேன் என்று என் பெற்றோர் காத்திருக்கின்றார்கள். அந்தப் பட்டம் வருவதற்கு இன்னும் ஓராண்டு இருக்கின்றது. ஆனால் படித்த படிப்பைப் பயன்படுத்த ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள குழந்தையின் அட்டையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வெற்றுக் கட்டம் ஒன்று இருந்தால், அடுத்த புதன்கிழமை அந்தத் தாய்க்குத் துணையாகச் செல்லுங்கள்.

நாட்கள் தவறலாம், குழந்தைகளை நாம் தவறவிடலாகாது.